நேர்ந்துகொண்ட எடை

இந்தக் கரண்டியோடு போதும் என்று சொல்லிவிட வேண்டும். வாயைத் திறக்கக்கூட வேண்டாம், தட்டுக்கு மேலே கையைக் குறுக்கே வைத்தால் போதும். அம்மாவுக்குப் புரியாதா? புரியும். புரிந்தால் முகம் சுருங்கும். என்னடி, பிடிக்கலையா, உப்பு கூடிப்போச்சா என்று கேட்பாள். அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைத் தேடுவதற்குள் சோறு விழுந்துவிடும்.

சோறு விழுந்தது. அதன்மேல் குழம்பும் விழுந்தது. அருள்மேரி பிசைந்து சாப்பிட்டாள்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. மூன்று வயதில் வந்த காய்ச்சல் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போயிற்று. நீடாமங்கலத்துக்குத் தெற்கே வாய்க்காலை ஒட்டி இருக்கும் அந்தக் கிறிஸ்தவத் தெருவில், ஜன்னலோரக் கட்டிலில் அவள் உட்கார்ந்திருப்பது தெருவுக்கே பழகிவிட்ட காட்சி. பரிமாறுகிறவள் அம்மா செபஸ்தியம்மாள். எழுபதைத் தாண்டியும் முதல் சோறு மகளுக்குத்தான் போட வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருப்பவள். பாவம், அவளுக்கு வேறு என்ன இருக்கு என்பாள். அதை அருள்மேரியின் காதில் விழும்படியேதான் சொல்வாள். அது அன்பில்லாமல் வேறு என்ன என்று அருள்மேரியும் பல வருஷங்கள் நம்பியிருந்தாள்.

ஒரு காலத்தில் அவளுக்கு வேலை இருந்தது. ஆட்டுக்கல்லுக்கு முன்னால் மணை போட்டு உட்கார்ந்தாளானால் இரண்டு படி அரிசியை ஒரே மூச்சில் அரைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அம்மியும் அவளுடையதுதான். கால் இல்லாத குறையைக் கை தீர்த்துக்கொண்டது. தோள் இறுகி, முழங்கை முறுகி, இரவில் படுத்தால் உடம்பு வலிக்கும். அந்த வலி அவளுக்குப் பிடித்திருந்தது. தம்பி ஆன்டோ அபுதாபிக்குப் போனபின் முதலில் மிக்ஸி வந்தது. பிறகு கேஸ் அடுப்பு, அதற்கடுத்த வருஷம் கிரைண்டர். அக்கா இனிமே கஷ்டப்படக் கூடாது என்று ஆன்டோ போனில் சொன்னான். ஆட்டுக்கல் கொல்லைக்குப் போயிற்று. அதன் குழியில் தேங்கும் மழைத்தண்ணீரைக் கோழிகள் குடித்தன. பிறகு கலர் டிவி, கேபிள். பெட்டி பெட்டியாகப் பிஸ்கட், பால் பவுடர், ஈத்தம்பழம், தங்கத்தாளில் சுற்றிய மிட்டாய். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் தெரு அடங்கியபின் அந்த டப்பாக்கள்தான் அவளுக்குத் துணை.

கையில் இருந்த வலு எப்போது போயிற்று என்று அவளுக்குத் தெரியாது. உடம்பு பெருத்ததும் ஒரு நாளில் நடந்ததல்ல. சூம்பிய காலைத் தாங்கத் தொடையில் கட்டும் காலிப்பரின் தோல்வார் ஒரு துளை, இன்னொரு துளை என்று தள்ளிப்போய், கடைசியில் எட்டாமலே போனது. ஊனமுற்றோர் முகாமில் அளவெடுத்தார்கள். புதியது வந்து சேர்ந்தபோது அதுவும் எட்டவில்லை. அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். இடது அக்குளில் ஒரு ஊன்றுகட்டை, வலது கால், இவை இரண்டும்தான் மிச்சம். அவற்றை வைத்துக்கொண்டு கட்டிலிலிருந்து கொல்லைக் கக்கூசு வரைக்கும் யார் கையையும் பிடிக்காமல் போய்வருவாள். அவளுடையது என்று சொல்ல அந்த நடை ஒன்றுதான் இருந்தது.

சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்து மூன்று வருஷமாகிறது. மாத்திரை சாப்பிடுகிறாள். மாத்திரை சாப்பிடுவதால் மற்றதையும் சாப்பிடலாம் என்பது அம்மாவின் கணக்கு.

கிறிஸ்துமஸுக்கு ஆன்டோ ஊருக்கு வந்தான். அக்காவுக்கென்று மெத்தென்ற ஒரு செருப்பு வாங்கி வந்திருந்தான். வலதுகால் செருப்பை மட்டும் போட்டுக்கொண்டு காலைப் பூசைக்குப் போனாள். பூசை முடிந்து, தெருவெல்லாம் நின்று பேசி, வீட்டுக்கு வந்து பிரியாணி சாப்பிட்டு, சாயங்காலம் வரைக்கும் அந்தச் செருப்போடுதான் இருந்தாள். கழற்றிவிட்டது லின்சி. ஆன்டோவின் மனைவி. ஒல்லியானவள், வாய் கொஞ்சம் நீளம்.

"என்னண்ணி இது, உள்ள கல்லு கெடக்கு" என்றாள். கடலைப் பருப்பளவு சரளைக்கல். செருப்பின் பஞ்சில் ரத்தம் ஊறிக் காய்ந்திருந்தது. "காலையிலேர்ந்து இதோடயா நின்னீங்க? வலிக்கலையா?"

"இல்லையே."

லின்சி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

அருள்மேரி அந்தக் கல்லைக் கையில் வைத்துப் பார்த்தாள். சின்ன வயதில் பிள்ளைகள் அவளுடைய சூம்பிய காலைக் கிள்ளிப் பார்த்து, தெரியுதா தெரியுதா என்று கேட்பார்கள். தெரியும். எறும்பு ஊர்ந்தாலும் தெரியும், ஈரத்துணி பட்டாலும் தெரியும். அசையாதே தவிர அந்தக் கால் எல்லாவற்றையும் உணர்ந்துகொண்டுதான் இருந்தது. இந்த இரண்டு வருஷத்தில் இரண்டு காலுமே அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டன. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அம்மா தைலம் தேய்ப்பாள், தேய்த்துவிட்டு ஒரு டம்ளர் பால் கொடுப்பாள்.

புண் ஆறவில்லை. புது வருஷம் பிறந்தபோது இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. கார் வைத்துக்கொண்டு தஞ்சாவூருக்குப் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் முதலில் எடை பார்க்கச் சொன்னார்கள். தரையில் கிடந்த சின்ன மிஷின். நர்ஸ் ஏறச் சொன்னாள். ஒரு காலை வைத்து ஏறினால் கட்டை வெளியே நிற்கிறது. கட்டையில் சாய்ந்தால் முள் பாதி எடையைத்தான் காட்டுகிறது. கட்டையை எடுத்தால் விழுந்துவிடுவாள். ஆன்டோ ஒரு பக்கம் பிடித்தான், நர்ஸ் ஒரு பக்கம் பிடித்தாள். முள் ஓடிப்போய்க் கடைசிக் கோட்டைத் தாண்டி ஒட்டிக்கொண்டது. வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்க்காததுபோல் பார்த்தார்கள்.

"இதுல நூத்தி இருபது வரைக்கும்தாம்மா இருக்கு" என்றாள் நர்ஸ், தன்னுடைய தப்பு மாதிரி.

டாக்டர் இளவயதுக்காரர். கால்விரல்களின் கட்டுத்துணியைப் பிரித்துப் பார்த்தார், மூக்கைச் சுருக்காமலிருக்கப் பிரயத்தனப்பட்டார். "உடம்பக் கொறைக்கணும்மா. அரிசிச் சோறு ஒரு வேளை போதும். தினமும் ஒரு மணி நேரம் வாக்கிங் போங்க."

"எந்தக் காலால போகட்டும் சார்?" என்று லின்சி கேட்டாள்.

அவர் பேனாவை மூடித் திறந்தார். காது சிவந்துவிட்டது. அதற்குமேல் ஆன்டோவைப் பார்த்தே பேசினார். இரண்டு விரல்களையும் எடுத்துவிட வேண்டும், நாளைக்கே சேர்ந்துவிடுவது நல்லது. தள்ளிப்போட்டால் பாதம் போகும், பிறகு முழங்கால் வரைக்கும் கேட்கும். இவங்களுக்கு இருக்கறதே இந்த ஒரு கால்தான் சார், பார்த்துக்குங்க என்றார்.

"வீட்ல கலந்துக்கிட்டு வந்துர்றோம் சார்" என்றான் ஆன்டோ.

காரில் திரும்பும்போது அருள்மேரி தன்னுடைய எடையை நினைத்துக்கொண்டு வந்தாள். இந்த உடம்போடு கால் இல்லாமல் போனால் என்னை யார் தூக்குவது? அம்மாவால் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியவில்லை. லின்சி காற்றில் பறந்துவிடுவாள் போல இருக்கிறாள். ஆன்டோ அடுத்த மாதம் விமானம் ஏறிவிடுவான். தூக்க முடியாது என்றால் தூக்க மாட்டார்கள். அவ்வளவுதான். கட்டிலிலேயே எல்லாம் நடக்கும். அவர்கள் முகம் சுளிக்காமல் செய்வார்கள். அதை நினைத்தபோதுதான் அவள் ஊன்றுகட்டையை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அம்மா நேர்ச்சையைப் பற்றிச் சொன்னாள்.

தெருக் கோயிலில் இருக்கும் புனிதர் வனத்து அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டது. தை மாதம், பொங்கலுக்கு இரண்டு நாள் கழித்து அவருடைய திருநாள் வரும். கோயில் வாசலில் பொங்கல் வைப்பார்கள், மாடுகளை மந்திரிப்பார்கள், பிள்ளை வரம் கேட்டுப் பெற்றவர்களும் நோய் தீர்ந்தவர்களும் தராசில் பிள்ளையை வைத்து எடைக்கு எடை புதுநெல் கொடுப்பார்கள். மூன்று வயது அருள்மேரி ஜுரத்தில் வெட்டி வெட்டி இழுத்தபோது, பிள்ளை பிழைத்து எழுந்து நின்றால் அவள் எடைக்கு நெல் தருவதாகச் செபஸ்தியம்மாள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

"பொழைச்சுட்டா. எழுந்து நிக்கல. நிக்கட்டும், அப்புறம் குடுக்கலாம்னு உங்கப்பா சொன்னாரு. நிப்பா நிப்பான்னு இருந்துட்டேன். காலிப்பர் போட்டு நின்னப்போ, அது நின்னதாகுமான்னு ஒரு சந்தேகம்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கேட்டதுல பாதிய வாங்கிக்கிட்டு ஒண்ணுமே குடுக்காம விட்டுட்டேன். அதான் இப்ப இருக்கற காலையும் கேக்கறாரு."

"அத்தை, அது சர்க்கரை" என்றாள் லின்சி.

"சர்க்கரை யாருக்குத்தான் இல்ல? இந்தத் தெருவுல பாதிப் பேருக்கு இருக்கு. அவங்க காலெல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

ஆன்டோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். "இந்தத் திருநாளுக்கே குடுத்துருவோம்மா. மேட்டு வயல் அறுத்தாச்சு, புதுநெல் இருக்கு. விரல எடுத்துட்டு வந்து..."

"எடுத்துட்டு வந்தா எப்படிடா? உடம்பு முழுசா இருக்கும்போதுதான் எடை போடணும். ஒரு விரல் கொறைஞ்சாலும் நேர்ச்சை கொறைஞ்சதுதான். மொதல்ல இத முடிப்போம். அப்புறம் கத்திபட்டாலும் அவரு பாத்துக்குவாரு."

"இன்னும் பத்து நாளு இருக்குங்க" என்றாள் லின்சி, ஆன்டோவைப் பார்த்து. "டாக்டரு நாளைக்கேன்னாரு."

"டாக்டர் அப்படித்தான் சொல்லுவாங்க. பெட்டு காலியா இருந்தா நேத்தேம்பாங்க" என்றான் ஆன்டோ.

அருள்மேரி கட்டிலிலிருந்து பேசினாள். "நாளைக்கே போயிடலாமே தம்பி."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா அருகில் வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, மகளின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. "நான் போயிட்டா உன்ன யாருடி பாத்துக்குவா? என் கண்ணு மூடறதுக்குள்ள இத ஒண்ணு செஞ்சிட்டுப் போறேன். இதக்கூட வேணாங்காத."

அந்தக் கை எலும்பாக இருந்தது. நாற்பது வருஷம் சோறு போட்ட கை. அருள்மேரி சரி என்றாள். சரி என்றுகூடச் சொல்லவில்லை, தலையை அசைத்தாள்.

பிறகு வந்த நாட்களில் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஆன்டோ லீவில் வந்தவன் என்பதால் அதிரசம் சுட்டார்கள், முறுக்குப் பிழிந்தார்கள். அவன் நெல் மண்டிக்குப் போய்ப் பெரிய தராசுக்குச் சொல்லிவிட்டு வந்தான். கோயிலில் வழக்கமாகத் தொங்கும் தராசு பிள்ளைகளுக்கானது, தாங்காது. அவன் அதைச் சொல்லும்போது குரலில் ஒரு உற்சாகம் இருந்தது. தெருவில் இதுவரை யாரும் இவ்வளவு நெல் கொடுத்ததில்லை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அபுதாபி வெயிலில் இரும்புக் கம்பிகளுக்கிடையே அவன் என்ன பாடுபட்டான் என்று அருள்மேரிக்குத் தெரியாது. அவன் சொன்னதில்லை. கொடுப்பதற்கு அவன் ஆசைப்பட்டான். கொடுப்பதை நாலு பேர் பார்க்கவும் ஆசைப்பட்டான். அதில் என்ன தப்பு என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். தப்பு என்று சுட்ட முடியவில்லை.

மத்தியானங்களில், எல்லாரும் படுத்தபின், அவள் அதிரச டப்பாவைத் திறந்தாள்.

பசியா என்றால் பசி இல்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. ருசியா என்றால் முதல் கடியில் மட்டும் கொஞ்சம் ருசி தெரியும், பிறகு வாய் மட்டும் வேலை செய்யும். இரண்டாவதை எடுக்கும்போது, வேண்டாம் என்று உள்ளே ஒருத்தி தெளிவாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். இன்னொருத்தி அவளுக்குப் பதில்கூடச் சொல்வதில்லை, டப்பாவுக்குள் கையை விடுவாள். இது என்ன என்று பலமுறை அவள் யோசித்திருக்கிறாள். நாள் முழுக்க அவளாக முடிவுசெய்து செய்கிற காரியம் இது ஒன்றுதான். குளிப்பது லின்சிக்கு வேலை ஒழிந்தபோது, டிவி மற்றவர்கள் வைக்கிற சேனலில், சாப்பாடு அம்மா போடுகிறபோது. இந்த அதிரசம் மட்டும்தான் யாரும் கொடுக்காமல் அவளே எடுப்பது. அதுவே அவளைக் கொல்கிறது என்றும் தெரியும். தெரிந்துகொண்டே மூன்றாவதை எடுத்து, மூடியைச் சத்தம் வராமல் மூடி, விரல் இடுக்கில் ஒட்டிய எண்ணெயைப் புடவையின் உள்பக்கம் துடைத்துக்கொள்வாள். பிறகு வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பாள்.

ஒருமுறை லின்சி பார்த்துவிட்டாள். வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"கேக்க மாட்டேன்னு நெனைக்காதீங்கண்ணி. கேக்கக் கூடாதுன்னு அத்தை சொல்லி வச்சிருக்காங்க. நான் இந்த வீட்டுக்கு வந்த புதுசுல ஒரு தடவ, அண்ணிக்குச் சோறு கொஞ்சம் கொறைக்கலாமேன்னேன். நொண்டிப் புள்ள வாயக் கட்டச் சொல்றியான்னு மூணு நாளு என்கூடப் பேசல."

"தெரியும்."

"தெரியும்னா நீங்க ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

அருள்மேரி டப்பாவை மூடினாள். லின்சி தரையில் உட்கார்ந்து காலைத் தன் மடியில் வைத்துக் கட்டுத்துணியைப் பிரித்தாள். தினமும் அவள்தான் மருந்து வைக்கிறாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு மூச்சு வாங்கிவிட்டுத்தான் குனிவாள். வாசனை இப்போது அறையை விட்டு வெளியேயும் வரத் தொடங்கியிருந்தது. அம்மா அதற்குச் சாம்பிராணி போட்டாள். திருநாள் வீட்டு வாசனையோடு அது கலந்துவிட்டது.

திருநாளன்று காலை, கட்டு மாற்றும்போது லின்சியின் கை நின்றது.

"அண்ணி."

"என்ன?"

"நேத்து கறுப்பு வெரலோட இருந்துச்சு." அவள் விரலால் காற்றில் ஒரு கோடு போட்டுக் காட்டினாள். புறங்காலின் பாதியில், கணுக்காலை நோக்கி. "இங்க வந்துருச்சு."

அருள்மேரி குனிந்து பார்க்க முயன்றாள். வயிறு இடித்தது. அவளால் தன்னுடைய காலைப் பார்க்க முடியவில்லை. லின்சி எழுந்துபோய் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து கீழே சாய்த்துப் பிடித்தாள். கண்ணாடியில், மழைக்குப் பிந்திய வாய்க்கால் சேற்றின் நிறத்தில் ஒரு பாதம் தெரிந்தது. யாருடையதோ மாதிரி இருந்தது.

"அவருகிட்ட சொல்லிட்டு வரேன். இப்பவே போயிடலாம்."

லின்சி போனாள். பக்கத்து அறையில் தாழ்ந்த குரலில் பேச்சு. இன்னும் ரெண்டு மணி நேரம்தானடி, முடிச்சிட்டு அப்படியே கார்ல போயிரலாம், தராசெல்லாம் கட்டியாச்சு என்றான் ஆன்டோ. பிறகு லின்சியின் குரல் கேட்கவில்லை. திரும்பி வந்தவள் அருள்மேரிக்குப் பட்டுப்புடவை கட்டிவிட்டாள். கொசுவத்தைச் செருகும்போது தலையை நிமிர்த்தவேயில்லை.

கோயில் வாசலில் வெயில் நன்றாக ஏறியிருந்தது. பொங்கல் பானைகளின் புகை. மாடுகள் கொம்பில் பூச்சுற்றி வரிசையாக நின்றன. பந்தலின் குறுக்குக் கட்டையில் மண்டித் தராசு சங்கிலியோடு தொங்கியது. ஒரு தட்டில் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். இன்னொரு தட்டுக்குப் பக்கத்தில் நெல் மூட்டைகள். எடை போடுபவன் கண்ணுசாமி, மண்டியில் பழைய ஆள்.

"என்ன ஆன்டோ, வயலு பூராவும் இங்க வந்துருச்சு போல" என்று ஒருவர் கேட்டார்.

"பத்தலைன்னா வீட்டுல இருக்கு மாமா" என்றான் ஆன்டோ. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை. திருநாள் சிரிப்புத்தான்.

கண்ணுசாமி அருள்மேரியிடம் வந்து, "பயப்படாதீங்கம்மா. இந்தச் சங்கிலியில பஞ்சு மூட்டையும் நிறுத்திருக்கேன், வார்ப்பிரும்பு எஞ்சினும் நிறுத்திருக்கேன். ஒண்ணும் ஆவாது" என்றான். தைரியம் சொல்லத்தான் சொன்னான்.

அவளுக்கு முன்னால் ஒரு குழந்தை. பந்தலின் ஓரத்தில் தொங்கிய கோயில் தராசில் வைத்தார்கள். இரண்டு மூன்று வயதிருக்கும், தலை மொட்டையடித்துச் சந்தனம் பூசியிருந்தது. தட்டில் உட்காரவைத்ததும் ஊஞ்சல் என்று நினைத்துக்கொண்டு சங்கிலியைப் பிடித்துச் சிரித்தது. எதிர்த்தட்டில் மரக்காலால் நெல்லைக் கொட்டினார்கள். கொஞ்சம்தான் கொட்டினார்கள், அதற்குள் குழந்தை மேலே எழும்பிவிட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். தாய்க்காரி ஓடிவந்து அள்ளிக்கொண்டாள்.

அவ்வளவு நெல்தான், என்று அருள்மேரி நினைத்தாள். அம்மா நேர்ந்துகொண்டது அவ்வளவுதான். ஒரு பெண் இடுப்பில் வைத்துக்கொண்டு போகிற எடை. அந்த எடையோடு என்னை ஒருநாளும் இங்கே கொண்டுவரவில்லை. நின்றபின் என்றார்கள். பிறகு வந்ததெல்லாம் அதன்மேல் ஏற்றியது. ஒவ்வொரு கரண்டியாக, ஒவ்வொரு டப்பாவாக, அவர்கள் போட்டதும் நான் எடுத்ததுமாக. ஆட்டுக்கல்லைக் கொல்லையில் போட்டபின் எங்கும் இறங்காமல் என் மேலேயே தங்கிப்போனது. இப்போது அதை மொத்தமாக நிறுத்துக் கொடுத்துவிட்டால் இவர்களுக்கு முடிந்துவிடும். அம்மா நிம்மதியாகச் சாவாள். ஆன்டோ நிம்மதியாக விமானம் ஏறுவான். கைதட்டுவார்கள். நான் அந்த நாற்காலியிலிருந்து இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய், பாதத்தைக் கொடுத்துவிட்டு வந்து, அந்தக் கட்டிலில் மறுபடியும் சோற்றுக்குக் காத்திருப்பேன்.

பாதம் போய்விட்டது என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. காலையில் கண்ணாடியில் பார்த்தபோதே அது முடிந்துவிட்டது. இப்போது ஏறினாலும் ஏறாவிட்டாலும் அதில் மாற்றமில்லை. அது அவளை ஏனோ அமைதிப்படுத்தியது.

"வாக்கா" என்றான் ஆன்டோ. ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் கண்ணுசாமி. தட்டு ஆடாமலிருக்க இன்னும் இரண்டு பேர் சங்கிலியைப் பிடித்துக்கொண்டார்கள். "நாங்க பிடிச்சுக்கறோம். நீ சும்மா உக்காந்தா போதும்."

அவள் கட்டையை ஊன்றி நாற்காலி வரைக்கும் வந்தாள். வந்து நின்றாள்.

"வேணாம் தம்பி."

"என்னக்கா வேணாம்? நாற்காலி வேணாமா?"

"நான் ஏறல."

ஆன்டோ சிரிக்கப் பார்த்தான். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "பயமா இருக்கா? நான் இருக்கேன்ல."

"பயமில்லப்பா."

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் மெழுகுவர்த்தியும் ஜெபமாலையும். "அருளு, எல்லாரும் பாக்கறாங்கடி. ஏறு. ஒரு நிமிஷம். உன் காலுக்காகத்தானே இவ்வளவும்."

அருள்மேரி அம்மாவைப் பார்த்தாள். அந்த முகம் சுருங்கத் தொடங்கியிருந்தது. நாற்பது வருஷமாக அது சுருங்கிவிடக் கூடாது என்றுதான் அவள் எல்லாவற்றையும் விழுங்கினாள். இப்போது அது அவளுக்கு எதிரிலேயே, வெயிலில், மெதுவாகச் சுருங்கியது. அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள். பார்க்க முடிந்தது.

"இல்லம்மா" என்றாள்.

"அண்ணி" என்று லின்சி பின்னாலிருந்து அழைத்தாள். அவள் அருள்மேரியின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். கட்டுத்துணி நனைந்து, புழுதியில் ஒரு கறுத்த ஈரம் பரவியிருந்தது. உடம்பு மொத்தமும் அந்தக் காலின்மேல் நின்றது. அருள்மேரிக்கு ஒன்றும் தெரியவில்லை.

"லீவு முடியுதுக்கா" என்றான் ஆன்டோ. அவன் கண்கள் கலங்கியிருந்தன. "இனிமே எப்ப வருவேனோ. எனக்காக ஒரு தடவ உக்காரு."

அவள் கையை நீட்டி நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டாள். ஏறப்போகிறாள் என்று நினைத்து எல்லாரும் நெருங்கி வந்தார்கள். அவள் அதை லேசாகத் தள்ளினாள். தட்டு கொஞ்சம் விலகி ஆடி, பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. மறுபடியும் தள்ளினாள். கண்ணுசாமி சங்கிலியைப் பிடிப்பதா விடுவதா என்று தெரியாமல் ஆன்டோவைப் பார்த்தான். அருள்மேரி கட்டையை அக்குளில் இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றாள்.